ஆம்பளக் குட்டியா, பொட்டக் குட்டியா? நெட்டுக்குப்பத்துல இருந்து வந்த ஒரு கேள்வி

எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துது. பின்னாடி ட்ரெய்லர் லாரி ஹாரன், அதுக்கும் பின்னாடி கடல் சத்தம். நெட்டுக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி. கன்டெய்னர் யார்டுல நைட் ஷிஃப்ட் பார்க்கறவர். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அக்கா, எங்க தெருவுல ஒரு நாய் குட்டி போட்டிருக்குக்கா. அஞ்சு. ரெண்டு ஆம்பள, மூணு பொட்ட. எனக்கு ஒரு குட்டி எடுத்து ஒழுங்கா ட்ரெய்ன் பண்ணணும்னு ஆசை. அஜிலிட்டி, மோப்பம் எல்லாம் யூடியூப்ல பார்க்கறேன். ஆனா எல்லாரும் ஆம்பளதான் எடுக்கணும், பொட்ட வேலைக்கு ஆவாதுன்றாங்க. ரெண்டு ஆம்பளையும் ஏற்கெனவே சொல்லி வெச்சுட்டாங்க. மூணு பொட்டையையும் குட்டி கொஞ்சம் பெருசானதும் சாக்குல போட்டு முகத்துவாரத்துப் பக்கம் விட்டுருவாங்க. அதோட அம்மா இருக்கு பாருங்க, அது செம அறிவுக்கா. எங்க மாமா ஃபைபர் போட்டு எப்போ கரைக்கு வருதுன்னு அதுக்குத் தெரியும். முன்னாடியே போய் நிக்கும். நான் ஒரு ஆம்பள குட்டி கேட்டு சண்டை போடறதா, இல்ல பொட்டையே எடுக்கறதா?"

இன்னிக்கு எபிசோடு முழுக்க இதுக்கான பதில்தான். தம்பி, நீ கேட்ட கேள்வியிலேயே பாதி பதில் இருக்கு. அதுக்குக் கடைசியா வர்றேன்.

முதல்ல ஒரு வார்த்தையைப் பத்தி. "பொட்ட" நம்ம ஊர்ல வெறுமனே பெண்ணுன்னு அர்த்தம் இல்ல. பயந்தவனைத் திட்டறதுக்கும் அதே வார்த்தைதான். நாய்க்குட்டியைத் தூக்கி வாலுக்குக் கீழ பார்த்துட்டு அந்த வார்த்தையைச் சொல்லும்போது, அது வேலைக்கு ஆகாதுன்னும் சேர்த்தே முடிவு பண்ணிடறோம். நாயைப் பார்த்து வந்த முடிவு இல்ல அது. நான் இனிமே பெண் நாய்னே சொல்றேன்.

உடம்புல என்ன வித்தியாசம்?

ஆண் நாய் பெருசு, அதனால பலம்னு சொல்றாங்க. எவ்ளோ பெருசு? இனத்தோட சர்வதேச அளவுகோலை எடுத்துப் பார்ப்போம். ஜெர்மன் ஷெப்பர்டுல ஆண் 30-ல இருந்து 40 கிலோ, பெண் 22-ல இருந்து 32 கிலோ. பெல்ஜியன் மாலினாய்ஸ்ல ஆண் 25-30, பெண் 20-25. இது கண்ணுக்குத் தெரியற வித்தியாசம்தான். ஓடி வந்து ஒருத்தர் கையைக் கவ்விப் பிடிக்கற வேலைன்னா எடைக்கு அர்த்தம் இருக்கு. அதுவே லாப்ரடாருக்கு வாங்க. ஆண் உயரம் 56-57 சென்டிமீட்டர், பெண் 54-56. வெடிகுண்டு மோப்பத்துக்கு அதிகமா பயன்படற இனங்கள்ல ஒண்ணு இது. அதுல ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரக்கடை கூட இல்ல.

சின்ன உடம்பு குறையும் இல்ல. உடம்பு சின்னதா இருந்தா சூடு சீக்கிரம் வெளியேறும். கத்திரி வெயில்ல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல நடந்தவங்களுக்கு இதோட மதிப்பு தெரியும். நாயைப் படகுல ஏத்தணும், சுவத்துக்கு மேல தூக்கிக் கொடுக்கணும்னா 22 கிலோ ஒரு ஆள் தூக்கிடலாம். 40 கிலோவுக்கு ரெண்டு பேர் வேணும்.

ஒண்ணு மட்டும் ஆண் நாய்க்கே உரியது. காலைத் தூக்கறது. கம்பம், டயர், செடி, கூம்பு, எதைப் பார்த்தாலும் மோந்து ஒரு சொட்டு விட்டுட்டுத்தான் வரும். பெண் நாயும் அடையாளம் வைக்கும், ஆனா இவ்ளோ இல்ல. தடம் பிடிக்கற பயிற்சியில இது பெரிய தலைவலி. மூக்கு கீழ இருக்கு, ஹேண்ட்லர் சந்தோஷப்படறார், பார்த்தா அது வேற நாயோட மூத்திரத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கும்.

இந்தக் காலைத் தூக்கற விஷயம் விண்வெளி வரைக்கும் போயிருக்கு. 1957 நவம்பர் 3 அன்னிக்கு சோவியத் யூனியன் ஸ்புட்னிக்-2-ல அனுப்பின லைக்கா, மாஸ்கோ தெருவுல பிடிச்ச பெண் நாய். அந்தத் திட்டத்துக்குப் பெண் நாய்களையே தேர்ந்தெடுத்ததுக்கு ஒரு முக்கியக் காரணம், அந்தக் குறுகின கூண்டுல ஆண் நாய் காலைத் தூக்க இடம் கிடையாது. லைக்கா உயிரோட திரும்பல. திரும்பி வரவைக்கற ஏற்பாடே அதுல இல்ல. அந்தக் கதை எனக்கு எப்பவும் கஷ்டமா இருக்கும். ஆனா வெயில், குளிர், பசி எல்லாம் தாங்கும்னு நம்பி அவங்க தேடிப் போனது தெரு நாயை.

வேலை பார்த்த நாய்கள்

சரி, நம்ம நாட்டுல நிஜமா வேலை பார்த்தது யாரு? 1993 மும்பை குண்டுவெடிப்பு நேரத்துல ஜஞ்சீர்னு ஒரு லாப்ரடார், ஆண். 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ் கண்டுபிடிக்க உதவினது. அவனைப் பத்தி நிறைய பேருக்குத் தெரியும், இணையத்துல அவன் போட்டோ சுத்திக்கிட்டே இருக்கும்.

மான்சியை எத்தனை பேருக்குத் தெரியும்? அவளும் லாப்ரடார். ராணுவ நாய். 2015 ஆகஸ்ட்ல காஷ்மீர் குப்வாரா பகுதியில ஊடுருவி வந்தவங்களை முதல்ல கண்டுபிடிச்சுக் குரைச்சு, குண்டு பட்டு, அவளோட ஹேண்ட்லரும் அவளும் ஒண்ணா செத்துப் போனாங்க. ராணுவ கௌரவப் பட்டியல்ல இறந்த பிறகு பெயர் இடம்பெற்ற முதல் நாய் அவள்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணாவது கதை. 2023 பிப்ரவரி, துருக்கி நிலநடுக்கம். இங்கேர்ந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை போச்சு. காசியான்டெப் மாகாணத்துல இடிஞ்ச ஒரு கட்டடத்துக்குள்ள ஜூலின்னு ஒரு பெண் லாப்ரடாரை அனுப்பினாங்க. ஒரு இடத்துல நின்னு குரைச்சா. அங்க உயிரோட ஆள் இருக்குன்னு அர்த்தம். அவ்ளோதான்னு உடனே தோண்டிட மாட்டாங்க. ரோமியோன்னு இன்னொரு நாயை, இந்த முறை ஆணை, தனியா அனுப்பிப் பார்த்தாங்க. அவனும் அதே இடத்துல குரைச்சான். உள்ளேர்ந்து ஆறு வயசுப் பொண்ணு உயிரோட வந்தா.

மூக்குக்கு ஆண் பெண் கணக்கு உண்டுன்னு நினைக்கறவங்க யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தன் சரி பார்க்கறான். ரெண்டு மூக்குக்கும் ஒரே மதிப்பு.

குணத்துல?

ஆராய்ச்சிக்காரங்க இதைத் தேடாம இல்ல. ஸ்வீடன்ல ஆயிரக்கணக்கான நாய்களுக்கு ஒரே மாதிரி குணப் பரிசோதனை பண்றாங்க. அதுல துணிச்சல்னு ஒரு அளவுல ஆண் நாய்கள் சராசரியா கொஞ்சம் மேல வந்துது. இந்த "சராசரியா" ரொம்ப முக்கியம். ஆம்பளைங்க சராசரியா பொம்பளைங்களை விட உயரம்தான். அதுக்காக உங்க தெருவுல இருக்கற ஒவ்வொரு ஆணும் ஒவ்வொரு பெண்ணை விட உயரமா? நீங்க வாங்கறது சராசரியை இல்ல, ஒரு குட்டியை.

2011-ல வியன்னாவுல ஒரு சோதனை நடந்துது. பந்து ஒண்ணு திரைக்குப் பின்னாடி உருண்டு போகும். மறுபக்கம் வரும்போது சில தடவை அதே பந்து, சில தடவை வேற சைஸ் பந்து. சைஸ் மாறினப்போ பெண் நாய்கள் ரொம்ப நேரம் உத்துப் பார்த்துச்சு. ஆண் நாய்கள் பெருசா கண்டுக்கல. அப்போ பேப்பர்ல எல்லாம் "பெண் நாயே புத்திசாலி"ன்னு தலைப்பு. மொத்தம் 50 நாய்தான் அந்தச் சோதனையில. பந்தை உத்துப் பார்க்கறதும் வேலை பார்க்கறதும் ஒண்ணு இல்ல. பெண் நாய் பக்கம் பேசறதுக்காக நான் இதைத் தூக்கிப் பிடிச்சா, அவங்க ஆண் நாய்க்குச் செஞ்ச அதே தப்பை நான் இந்தப் பக்கம் செய்யறேன்.

ட்ரெய்னர்கள்கிட்ட கேட்டா பொதுவா இப்படிச் சொல்வாங்க: பெண் நாய் சீக்கிரம் முதிரும், ஆண் நாய் ரெண்டு வயசு வரைக்கும் விடலைப் பையன் மாதிரி சுத்தும். ஆண் நாய் வெளியில பார்க்கற ஆண் நாய்கிட்ட வம்புக்குப் போகும். ஆனா ஒரே வீட்டுல ரெண்டு நாய் வளர்த்தா, தீராத சண்டை ரெண்டு பெண்ணுக்கு நடுவுலதான் அதிகம். அதனால, வீட்டுல ஏற்கெனவே ஒரு நாய் இருந்தா எதிர்ப்பாலை எடுக்கறது நல்ல யோசனை. ரெண்டுல ஒண்ணுக்காவது கருத்தடை பண்ணிடணும், சொல்ல வேண்டியதில்ல.

உண்மையான வித்தியாசம்: ஹீட்

இங்கதான் நிக்கணும். "பொட்ட வேலைக்கு ஆவாது"ன்னு சொல்றவங்க மனசுல இருக்கறது இதுதான், அதை நான் ஒதுக்கிட மாட்டேன்.

பெண் நாய் ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள முதல் தடவை ஹீட்டுக்கு வரும். அப்புறம் சுமார் ஆறு ஏழு மாசத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் மூணு வாரம். கணக்குப் போட்டா வருஷத்துக்கு ஆறு வாரம். முதல் ஒன்பது பத்து நாள் ரத்தம் கசியும், ஆண் நாய்கள் சுத்தும், இவ விரட்டுவா. அடுத்த ஒன்பது பத்து நாள்தான் சேரற காலம். இது முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு சில நாய்களுக்குப் பொய்க் கர்ப்பம் வரும். செருப்பைக் குட்டி மாதிரி வாயில தூக்கிக்கிட்டு மூலையில படுத்துக்கும், பால் கூட சுரக்கும். அந்த நாள்கள்ல பந்தைக் காட்டினா "நீயே விளையாடு"ன்னு ஒரு பார்வை.

போட்டிகள்லயும் இதுக்கு விதி இருக்கு. தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்புன்னு மூணும் சேர்ந்த ஐ.ஜி.பி போட்டியில ஹீட்ல இருக்கற நாய் கலந்துக்கலாம், ஆனா தனியா வெச்சிருந்து எல்லாருக்கும் கடைசியா இறங்கணும். உலக அஜிலிட்டி சாம்பியன்ஷிப்லயும் கடைசியாத்தான் ஓடணும். அமெரிக்கன் கென்னல் கிளப் அஜிலிட்டியில அனுமதியே இல்ல. ஆறு மாசம் உழைச்சுட்டு போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி ஹீட் வந்தா வயிறு எரியும்தான்.

ஆனா இந்தக் கணக்கோட இன்னொரு பக்கத்தை யாரும் போடறதில்ல. பெண் நாய்க்குக் கவனம் சிதறறது அவளோட சொந்தக் காலண்டர்ல. தேதி எழுதி வெச்சுக்கலாம், அடுத்தது எப்போன்னு ஏறக்குறைய சொல்லலாம். ஆண் நாய்க்குக் காலண்டரே இல்ல. ஊர்ல எந்தப் பெண் நாய் ஹீட்டுக்கு வந்தாலும் அவனுக்குச் சேதி போயிடும். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர் குப்பம், முகத்துவாரக் குப்பம், எல்லாத்துலயும் கருத்தடை பண்ணாத தெரு நாய் எத்தனை? மார்கழி வந்தா பாருங்க. சாப்பிட மாட்டான், ராத்திரி ஊளை, சுவர் ஏறிக் குதிச்சு மூணு நாள் காணாம போய், காது கிழிஞ்சு திரும்பி வருவான். இல்ல, ட்ரெய்லர் சக்கரத்துல மாட்டி வராமலே போவான். தம்பி, உங்க ரோடு எப்படிப்பட்டதுன்னு எனக்கு நீ சொல்ல வேண்டாம்.

ஆக, நெட்டுக்குப்பத்துல இந்தக் கேள்வி நாயைப் பத்தினது மட்டும் இல்ல, தெருவைப் பத்தினது. சுத்துச்சுவர், கேட்டு எல்லாம் இருக்கற ஒரு பயிற்சி மையத்துல பெண் நாயை மூணு வாரம் கூண்டுல வெச்சிடலாம். வாசலே தெருவா இருக்கற வீட்டுல, கதவுக்கு வெளிய பத்து நாய் படுத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க உங்க அம்மாகிட்ட சண்டைக்கு வருவாங்க. "வேலைக்கு ஆவாது"ன்னு ஊர்ல சொல்றதுக்குப் பின்னாடி இருக்கற நிஜம் இந்தத் தொந்தரவுதான். பயிற்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதுக்குத் தீர்வும் இருக்கு.

ஆபரேஷன், எப்போ?

கருத்தடை. "ஒரு தடவை குட்டி போட்டாத்தான் நாய்க்குப் பொறுமை வரும்"னு சொல்றதை நம்ப வேண்டாம், அப்படி எதுவும் கிடையாது. ஆனா வேலைக்கும் ஓட்டத்துக்கும் வளர்க்கற நாய்க்கு நேரம் முக்கியம். வளர்ச்சியை நிறுத்தற சிக்னல் இந்த ஹார்மோன்கள்ல இருந்தும் வருது. ரொம்பச் சீக்கிரம் எடுத்துட்டா எலும்பு கொஞ்சம் கூடுதலா நீளும், மூட்டு பாதிக்கப்படும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வெச்சு ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைப் பார்த்தாங்க, 2016-ல வெளியாச்சு. ஆபரேஷன் பண்ணாத ஆண்கள்ல 7 சதவீதத்துக்கு மூட்டுப் பிரச்சினை, ஒரு வயசுக்குள்ள பண்ணினவங்கள்ல 21 சதவீதம். பெண்கள்ல 5 சதவீதம் 16 ஆகுது. பாருங்க, ரெண்டு பக்கமும் மூணு மடங்கு. அதே குழு பிறகு கலப்பின நாய்களையும் பார்த்தாங்க. 20 கிலோவுக்குக் கீழ இருக்கற நாய்கள்ல இந்த வித்தியாசம் தெரியல. நம்ம தெரு நாய் நிறைய அந்த எடைக்குள்ளதான் நிக்கும். சந்தோஷமான சேதி இது.

ஆபரேஷனே வேண்டாம்னு விட்டா, பெண் நாய்க்கு வேற ஒரு ஆபத்து. கர்ப்பப்பையில சீழ் பிடிக்கறது. ஸ்வீடன் இன்ஷூரன்ஸ் பதிவுகள்படி, கருத்தடை பண்ணாத பெண் நாய்கள்ல சுமார் நாலுல ஒண்ணுக்கு பத்து வயசுக்குள்ள இது வருது. கவனிக்காம விட்டா உயிர் போயிடும். ஹீட் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல நாய் நிறைய தண்ணி குடிச்சு, சோர்ந்து படுத்தா, "நாளைக்குப் பார்ப்போம்"னு தள்ளிப் போடாதீங்க.

என் கருத்தைக் கேட்டா, நெட்டுக்குப்பம் மாதிரி தெருவுல பெண் குட்டி எடுத்தா, எத்தனை மாசத்துல பண்ணலாம்னு தடுப்பூசிக்குப் போற முதல் நாளே டாக்டர்கிட்ட பேசிடுங்க. பெரிய ஜாதி நாய்னா ஒரு வயசு தாண்டட்டும்னு அவர் சொல்லலாம். தெரு நாய்க்கு அவ்ளோ காத்திருக்க வேண்டிய அவசியம் இருக்காது. அந்த ஒரு ஆபரேஷனோட, வருஷத்துக்கு ஆறு வாரக் கணக்கு முடிஞ்சுது. ஆண் நாய்க்கும் பண்ணலாம், சுத்தறது குறையும். முழுசா நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

தெருவுல பிறந்த குட்டி படிக்குமா?

இதையும் அந்தத் தம்பி கேட்காமலே கேட்டுட்டார்னு நினைக்கறேன். படிக்கும். மேற்கு வங்காளத்துல பாரக்பூர் போலீஸ் பயிற்சிக் கல்லூரியில, அடிபட்டுக் கிடந்த ஒரு தெருக் குட்டியை எடுத்து லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுகளோட சேர்த்துப் பழக்கினாங்க. பேரு ஆஷா. பெண். வெடிபொருள் மோப்பம் வரைக்கும் வந்துட்டா. உத்தராகண்ட் போலீஸ்ல 2019-ல டெங்கான்னு ஒரு தெரு நாய் சேர்ந்தது. அவன் ஆண். ஒண்ணுக்கு ஒண்ணு கணக்குச் சரியாப் போச்சு.

அப்போ குட்டியை எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கறது? யூடியூப்ல குட்டி டெஸ்ட்னு நிறைய வரும். ஸ்டீல் டம்ளரைக் கீழ போட்டுப் பாரு, துணியை இழுத்துப் பாருன்னு. பண்ணுங்க, தப்பில்ல. டம்ளர் சத்தத்துக்குப் பயந்து ஓடின குட்டி அரை நிமிஷத்துல திரும்பி வந்து மோந்து பார்த்தா எனக்குப் பிடிக்கும். மீன் வலைத் துண்டை இழுத்தா விடாமத் தொங்கினா இன்னும் பிடிக்கும். ஆனா இதை ரொம்ப நம்பிடாதீங்க. ஸ்வீடன்ல 630 ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளை எட்டு வாரத்துல சோதிச்சு, வளர்ந்த பிறகு மறுபடி பார்த்தாங்க. குட்டியில வாங்கின மார்க்குக்கும் பெருசானதும் வாங்கினதுக்கும் சம்பந்தமே இல்ல.

அதை விட நம்பக்கூடிய விஷயம் ஒண்ணு கண் முன்னாடி இருக்கு. வளர்ந்து முடிஞ்ச நாய், குணம் என்னன்னு ஊருக்கே தெரிஞ்ச நாய். அதோட அம்மா. தெரு நாய்ல அப்பன் யாருன்னு சொல்ல முடியாது, ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் கூட இருக்கலாம். அம்மா யாருன்னு தெரியும். லாரி சத்தத்துக்கு நடுங்காதவ, ஏலம் போடற கூட்டத்துல ஆளுங்களுக்கு நடுவுல புகுந்து வர்றவ, ஃபைபர் போட்டு வர்ற நேரத்துக்குக் கரையில போய் நிக்கறவ. தம்பி, உன் மெசேஜை நீயே இன்னொரு தடவை கேளு. இந்தக் குட்டிங்க மேல உனக்கு ஆசை வந்ததே அவளைப் பார்த்துத்தான். அவ பெண் நாய்.

இப்போ குட்டிங்களுக்கு அஞ்சு வாரம் ஆகுதுன்னு சொன்ன. எட்டு வாரம் வரைக்கும் அம்மாகிட்டயே விடு. கூடப் பிறந்ததுங்களோட கடிச்சு விளையாடித்தான் எவ்ளோ அழுத்திக் கடிக்கலாம்னு கத்துக்கும். அந்த மூணு வாரத்தை நீயும் வீணாக்காத. தினமும் பத்து நிமிஷம் போய் தரையில உட்காரு. உன்னைத் தேடி எது வருதோ, வந்துட்டு எது திரும்பி அம்மாகிட்ட ஓடாம இருக்கோ, அதைக் குறிச்சு வெச்சுக்கோ. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்ள முதல் தடுப்பூசி, பார்வோவுக்கு. மூணு மாசத்துல வெறிநாய்க்கடி தடுப்பூசி. அது வரைக்கும் மத்த நாய் அசிங்கம் பண்ற இடத்துல இறக்கி விடாம, கையில தூக்கிக்கிட்டுப் போய் லாரி, ரயில்வே கேட்டு, ஏலம் எல்லாம் காட்டு. பயிற்சி அதுதான், அன்னிக்கே ஆரம்பிச்சுடும்.

நீ ஒண்ணு எடுத்தா இன்னும் ரெண்டு பெண் குட்டி மிச்சம். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, ராயபுரம் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கறவங்க, நாய் வளர்க்கணும்னு யோசனை இருந்தா நமக்கு மெசேஜ் போடுங்க, தம்பிகிட்ட சேர்த்துடறோம். கருத்தடைச் செலவுக்கு நாங்க டீமா கொஞ்சம் போடறோம். சாக்குப் பையோட ஆள் வர்றதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு.